மூளைக்குள் நடக்கும் கவாத்து: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

சென்ற இதழில் அல்சைமர் நோயைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, மூளையில் இருக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கும் இந்நோயில் பெரும் பங்கு உண்டு என்று ஒரே ஒரு வரி குறிப்பிட்டிருந்தேன். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியே விளக்கம் கேட்கின்றன. அந்த வரி சிலரைத் தவறான முடிவுக்கு இட்டுச் சென்றிருப்பதும் கடிதங்களிலிருந்து தெரிகிறது. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: என் தாயாருக்கு வயது 71. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு ஆண்டுகளாகக் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். சென்ற மார்கழியில் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போனவர், வீட்டுக்கு வழி தெரியாமல் தெருமுனையிலேயே நின்றுவிட்டார். பரிசோதனைகளுக்குப் பிறகு அல்சைமர் என்று சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் எழுதியதைப் படித்த உறவினர்கள், “எதிர்ப்பு சக்தியைக் கூட்டினால் சரியாகிவிடும்” என்று சொல்லிப் பொடிகளும் லேகியங்களும் வாங்கித் தருகிறார்கள். மாதம் நான்காயிரம் ரூபாய் வரை ஆகிறது. தொடர்ந்து கொடுக்கலாமா?
(வாசகி, திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: வேண்டாம், அம்மா. உங்கள் உறவினர்களின் அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர்கள் எண்ணுவதைப் போல எதிர்ப்பு சக்தி என்பது குறைந்தால் நோய், கூடினால் நலம் என்று ஒரே அளவுகோலில் ஏறி இறங்கும் பொருளன்று. அல்சைமர் நோயில் இது மிகத் தெளிவாகத் தெரிகிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1906ஆம் ஆண்டு நவம்பரில், ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டமொன்றில், அலாய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் தம்மிடம் சிகிச்சை பெற்று இறந்துபோன ஆகுஸ்டே டீட்டர் என்ற பெண்ணின் மூளையில் தாம் கண்டவற்றை விவரித்தார். நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிந்திருந்த ஒரு பொருள், நரம்பணுக்களுக்கு உள்ளே சிக்கலாகிக் கிடந்த இழைகள் ஆகிய இரண்டையும் இன்று எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன. முதலாவது அமிலாய்டு பீட்டா என்ற புரதத்தின் படிவு. இரண்டாவது டாவ் என்ற புரதத்தின் சிக்கல். நரம்பணுக்களுக்குத் துணையாக இருக்கும் கிளியா அணுக்களில் கொழுப்புத் துளிகள் சேர்ந்திருந்ததையும் அவர் அப்போதே எழுதியிருந்தார். அந்த மூன்றாவது குறிப்பை மருத்துவ உலகம் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

கிளியா அணுக்களுள் ஒரு வகையை 1919இல் ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ டெல் ரியோ ஹோர்தேகா தனியே பிரித்துக் காட்டி, மைக்ரோகிளியா என்று பெயரிட்டார். மூளைக்கென்றே அமைந்த நோய் எதிர்ப்பு அணுக்கள் இவைதாம். இரத்தத்தில் ஓடும் வெள்ளணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. மைக்ரோகிளியாவோ, கரு உருவாகும் தொடக்க நாட்களிலேயே கருவுணவுப் பையிலிருந்து மூளைக்குள் குடியேறி, அங்கேயே பெருகி, வாழ்நாள் முழுவதும் காவல் இருக்கின்றன. கிருமி நுழைந்தால் விழுங்குவது, இறந்த அணுக்களின் மிச்சத்தை அப்புறப்படுத்துவது ஆகியவை இவற்றின் வெளிப்படையான வேலைகள். இவற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதைச் சொல்ல நம் மாவட்டத்திலேயே பொருத்தமான சொல் இருக்கிறது.

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர்கள் பருவம் பார்த்துக் கவாத்து செய்வார்கள். தேவையற்ற கிளைகளைக் கழித்தால்தான் மற்றக் கிளைகள் செழித்துக் காய்க்கும். குழந்தையின் வளரும் மூளையிலும் அதுவே நடக்கிறது. தேவைக்கு மிஞ்சி உண்டான நரம்பிணைப்புகளின் மீது ‘காம்ப்ளிமென்ட்’ என்ற எதிர்ப்புப் புரதம் ஓர் அடையாளத்தை ஒட்ட, மைக்ரோகிளியா அவற்றைக் கழித்துவிடுகின்றன. பெத் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க அறிவியலாளரின் குழுவினர் 2016இல் எலிகளில் காட்டியது என்னவென்றால், அல்சைமர் நோயின் தொடக்க கட்டத்தில், படிவுகள் திட்டாகத் தெரிவதற்கு முன்பே, அதே அடையாளப் புரதம் மீண்டும் தோன்றி, அதே கவாத்து மறுபடியும் தொடங்கிவிடுகிறது என்பதாகும். இப்போது கழிக்கப்படுபவை உயிருள்ள, நன்றாகக் காய்த்துக்கொண்டிருக்கும் கிளைகள். மறதியின் அளவோடு மிக நெருங்கிப் பொருந்துவது படிவுகளின் எண்ணிக்கையைவிட நரம்பிணைப்புகளின் இழப்புதான் என்பதால், இந்தக் கண்டுபிடிப்பு எனக்கு மிக முக்கியமானதாகத் தோன்றுகிறது.

இதைக் கேட்டவுடன், எதிர்ப்பு அணுக்கள்தாம் எதிரிகள், அவற்றை அடக்கிவிட்டால் போதும் என்று முடிவு கட்டத் தோன்றும். அதுவும் சரியன்று. 2013இல் வெளியான இரண்டு பெரிய மரபணு ஆய்வுகள், டிரெம்2 என்ற மரபணுவில் அரிதாகக் காணப்படும் ஒரு மாற்றம் அல்சைமர் நோய்க்கான வாய்ப்பை ஏறத்தாழ மூன்று மடங்காக்குகிறது என்று காட்டின. மூளையில் இந்த மரபணு பெரிதும் வேலை செய்வது மைக்ரோகிளியாவில்தான். அமிலாய்டு படிவைக் கண்டறிந்து, அதைச் சூழ்ந்து நின்று, மேலும் பரவாமல் நெருக்கி வைக்கும் திறனை அவற்றுக்குத் தருவது அது. அந்தத் திறன் பழுதானவர்களுக்கு நோய் எளிதில் வருகிறது என்றால், நோயின் ஒரு கட்டத்தில் இந்த அணுக்கள் நம்மைக் காத்துக்கொண்டிருக்கின்றன என்றுதானே பொருள்? இன்னொரு கட்டத்தில், அகற்ற முடியாத குப்பையோடு பல ஆண்டுகள் போராடிச் சோர்ந்து, ஓயாமல் அழற்சிப் பொருள்களைச் சுரந்து, அருகிலிருக்கும் நரம்பணுக்களை அவையே நோகடிக்கின்றன. டாவ் சிக்கல் பரவுவதற்கும் இந்த நீடித்த அழற்சி வழி வகுக்கிறது.

ஆக, ஒரே அணு முன்னே காவலாகவும் பின்னே கேடாகவும் இருக்கிறது. இதில் எதைக் ‘கூட்டுவது’? உங்கள் தாயாருக்குக் கொடுக்கப்படும் பொடி உண்மையிலேயே எதிர்ப்பு அணுக்களைத் தூண்டிவிடும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், அது நல்லது செய்யும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. மேலும், உறையில் கலவை விவரம் எழுதாத பொடிகளில் ஸ்டீராய்டோ உலோகமோ கலந்திருக்கக்கூடும். 71 வயதுச் சிறுநீரகத்துக்கு அது தாங்காது. வீட்டில் இருப்பவற்றையெல்லாம் ஒரு பையில் போட்டு, அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது எடுத்துச் சென்று காட்டுங்கள். அந்த நான்காயிரம் ரூபாயை, மாலையில் இரண்டு மணி நேரம் அம்மாவோடு பேசிக்கொண்டு கோயில் வரை நடந்து வர ஒருவரை அமர்த்துவதற்குச் செலவிடுங்கள். அவருக்கும் நல்லது, உங்களுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

கேள்வி: எனக்கு வயது 58. மூட்டு வலிக்காக அவ்வப்போது வலி மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். அழற்சியைக் குறைக்கும் இந்த மாத்திரைகளைத் தினமும் சாப்பிட்டால் மறதி நோய் வராது என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?
(வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: உங்கள் நண்பர் சொல்வது முப்பது ஆண்டுகளுக்கு முன் அறிஞர்களே நம்பிய ஒன்று. அழற்சி மருந்துகளை நெடுங்காலம் உட்கொண்ட முடக்குவாத நோயாளிகளிடம் அல்சைமர் குறைவாகக் காணப்படுகிறது என்று 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் சில ஆய்வுகள் கூறின. அதைச் சோதித்துப் பார்க்க அமெரிக்காவில், குடும்பத்தில் மறதி நோய் உள்ள, 70 வயதைக் கடந்த 2,500க்கும் மேற்பட்டவர்களுக்கு நாப்ராக்சன், செலிகாக்சிப் என்ற இரு மாத்திரைகளையும் வெற்று மாத்திரையையும் பிரித்துக் கொடுத்தார்கள். இதயத்துக்குக் கேடு வரலாம் என்ற அச்சத்தால் 2004 டிசம்பரில் மாத்திரை கொடுப்பது நிறுத்தப்பட்டது. அதன் பிறகும் அவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், மாத்திரை நோயைத் தடுத்ததாகத் தெரியவில்லை. ஏற்கெனவே நோய் வந்தவர்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்த ஆய்வும் பலன் தரவில்லை.

வலி மாத்திரையைத் தினமும் விழுங்குவதால் வயிற்றில் புண்ணும் இரத்தக் கசிவும் சிறுநீரகப் பாதிப்பும் வரும் என்பதோ உறுதி செய்யப்பட்ட உண்மை. மூட்டு வலிக்கு மருத்துவர் சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் பாட்டிக்கு வயது 80. லேசான மறதி முன்பே உண்டு. ஆனால் தானே குளிப்பார், தானே சாப்பிடுவார். மூன்று நாட்களாக இரவில் தூங்காமல், இறந்துபோன தாத்தா வாசலில் நிற்பதாகச் சொல்கிறார். பகலில் பாதிப் பேச்சிலேயே கண் அயர்கிறார். காய்ச்சல் இல்லை. “மறதி நோய் முற்றிவிட்டது, இனி இப்படித்தான்” என்கிறார்கள் வீட்டில். இதற்கு மருந்து உண்டா?
(வாசகர், நெல்லிக்குப்பம்)

பதில்: உங்கள் கடிதம் கையில் கிடைத்தவுடனேயே தொலைபேசியில் உங்களோடு பேசிவிட்டேன், பாட்டியை அன்றே மருத்துவமனையில் சேர்த்ததாகச் சொன்னீர்கள். மற்ற வாசகர்களுக்காகவே இங்கே எழுதுகிறேன். இந்த இதழில் ஒரு பதிலை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்பவர்கள் இதைப் படியுங்கள்.

அல்சைமர் நோய் மூன்று நாட்களில் முற்றுவதில்லை. அது மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் நகர்வது. நேற்றுவரை தானே குளித்தவர் இன்று ஆளை மாற்றிப் பேசுகிறார், காலையில் தெளிவாகவும் மாலையில் குழம்பியும் இருக்கிறார், சொல்வதைக் கவனிக்கவே முடியாமல் தவிக்கிறார் என்றால், அதற்கு டெலிரியம் என்று பெயர். திடீர் மனக்குழப்பம் என்று சொல்லலாம். அதற்குப் பெரும்பாலும் மூளைக்கு வெளியே ஒரு காரணம் இருக்கும்: சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடலில் நீர் வற்றுவது, இரத்தத்தில் சோடியம் குறைவது, புதிதாகத் தொடங்கிய ஏதேனும் மாத்திரை, சிறுநீர் கட்டிக்கொள்வது, பல நாள் மலச்சிக்கல்கூட.

சிறுநீர்ப்பையில் இருக்கும் கிருமி மூளையை எப்படிக் குழப்புகிறது என்று கேட்பீர்கள். கிருமியோடு போராடும் வெள்ளணுக்கள் சைட்டோகைன் என்ற செய்திப் பொருள்களை இரத்தத்தில் விடுகின்றன. அந்தச் செய்தி மூளையை எட்டும்போது மைக்ரோகிளியா விழித்துக்கொள்கின்றன. நமக்குக் காய்ச்சல் வந்தால் சாப்பாடு பிடிக்காமல், யாரோடும் பேசப் பிடிக்காமல், போர்த்திக்கொண்டு படுக்கத் தோன்றுவதும் இந்தச் செய்தியின் விளைவுதான். ஆனால் வயதாலும் மறதி நோயாலும் ஏற்கெனவே பாதி உசுப்பப்பட்ட நிலையில் இருக்கும் மைக்ரோகிளியா, அதே செய்திக்கு அளவுக்கு மீறிக் கொந்தளிக்கின்றன. முதியவர்களுக்குக் காய்ச்சல் அடிக்காமலே தொற்று இருக்கலாம் என்பதால், குழப்பம் ஒன்றே முதல் அறிகுறியாக வெளிப்படுவதும் உண்டு.

தொற்றைக் கண்டறிந்து சிகிச்சை அளித்தால் பெரும்பாலானவர்கள் தெளிகிறார்கள். முழுமையாகத் தெளியச் சிலருக்கு வாரங்கள் ஆகும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. பிழைத்தாலும் மறதி முன்னைவிட வேகமாகக் கூடுகிறது. ஆகவே இத்தகைய மாற்றத்தைக் கண்டால் அன்றைக்கே மஞ்சக்குப்பத்தில் உள்ள மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ, புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்கள் ஜிப்மருக்கோ அழைத்துச் செல்லுங்கள். “எப்போதிலிருந்து இப்படி?” என்ற கேள்விக்கு நாளையும் வேளையையும் சொல்லத் தயாராக இருங்கள், அந்த ஒரு தகவல் பாதி நோயைக் கண்டுபிடித்துவிடும். இரவில் தூங்கட்டுமே என்று வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். என் அனுபவத்தில், கத்திரி வெயில் நாட்களில் இப்படி வருபவர்கள் மிகுதி. முதியவர்களுக்குத் தாகம் தெரிவது குறைந்துவிடும் என்பதால், அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் வேளை தவறாமல் தண்ணீரும் மோரும் கொடுங்கள். இதய நோய்க்காகவோ சிறுநீரக நோய்க்காகவோ நீரின் அளவைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் அந்த அளவைக் கடைப்பிடியுங்கள்.

கேள்வி: அல்சைமர் நோய்க்கு எதிர்ப்புப் புரத ஊசி வெளிநாட்டில் வந்துவிட்டதாகப் படித்தேன். என் தந்தைக்கு வயது 76. ஐந்து ஆண்டுகளாக நோய் இருக்கிறது. இப்போது என்னையே அடையாளம் தெரிவதில்லை. வில்லியனூர் அருகே எங்களுக்கு இருக்கும் சிறு நிலத்தை விற்றாவது அந்த ஊசியைப் போடலாமா?
(வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி)

பதில்: நிலத்தை விற்காதீர்கள். உங்கள் தந்தையின் நிலையில் அந்த ஊசி பரிந்துரைக்கப்படுவதே இல்லை. அது நோயின் தொடக்க கட்டத்தில், அமிலாய்டு படிவு இருப்பது பரிசோதனையில் உறுதியானவர்களுக்கு மட்டும் உரியது.

ஆனாலும் இந்த ஊசிகளின் கதை தெரிந்துகொள்ள வேண்டியதே. அமிலாய்டை எதிர்க்க உடலையே பழக்கலாம் என்ற எண்ணத்தில் உருவான தடுப்பூசி 1999இல் எலிகளிடம் வியப்பூட்டும் பலன் தந்தது. மனிதர்களிடம் சோதித்தபோது, ஏறத்தாழ 6 விழுக்காட்டினருக்கு மூளையிலும் அதன் உறையிலும் அழற்சி ஏற்பட்டதால் 2002 தொடக்கத்தில் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. எதிர்ப்பு மண்டலத்தை முழுமையாக முடுக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது கசப்பான பாடம். பிறகு, உடலைத் தூண்டாமல், ஆய்வகத்தில் தயாரித்த எதிர்ப்புப் புரதத்தை நேராக இரத்தத்தில் செலுத்தும் வழிக்கு மாறினார்கள். அந்தப் புரதம் அமிலாய்டின் மீது ஒட்டிக்கொண்டு மைக்ரோகிளியாவை அழைக்கிறது. அவை வந்து படிவை விழுங்குகின்றன. அமெரிக்காவில் 2023இல் முழு அனுமதி பெற்ற லெகானமாப், 2024இல் அனுமதி பெற்ற டோனனமாப் ஆகிய இரண்டும் இந்த வகையைச் சேர்ந்தவை.

பலன் எவ்வளவு? லெகானமாப் ஆய்வில், 18 மாத முடிவில் நோயின் சரிவு 27 விழுக்காடு மெதுவாகியிருந்தது. கேட்கப் பெரிதாக இருக்கும் இந்த எண், 18 புள்ளிகள் கொண்ட அளவுகோலில் அரைப் புள்ளிக்கும் சற்றுக் குறைவான வேறுபாடே ஆகும். இழந்த நினைவு எதுவும் திரும்புவதில்லை. ஊசி பெற்றவர்களில் எட்டில் ஒருவருக்கு மூளையில் நீர்க்கோப்பும், சிலருக்கு நுண்ணிய இரத்தக் கசிவும் ஸ்கேனில் தெரிந்தன. பெரும்பாலானவர்களுக்கு அதனால் தொல்லை இல்லை என்றாலும், சிலருக்கு அது கடுமையாகவே இருந்தது. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றுவதோடு, திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிக்கவும் வேண்டும். நோயின் போக்கையே மெதுவாக்க முடியும் என்று முதன்முறையாக மெய்ப்பித்தவை என்ற வகையில் இந்த மருந்துகளை நான் மதிக்கிறேன். ஒரு குடும்பம் தன் நிலத்தை இழக்கும் அளவுக்கு அவை இன்னும் வளரவில்லை.

உங்கள் பெயர் அவருக்கு நினைவில் இல்லாமல் போயிருக்கலாம். உங்கள் குரலும் தொடுகையும் அவருக்கு அமைதி தருகின்றனவா என்று கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் தரும்.

கேள்வி: அக்கித் தடுப்பூசி போட்டுக்கொண்டால் மறதி நோய் குறையும் என்கிறார்களே, இரண்டுக்கும் என்ன தொடர்பு?
(வாசகி, கடலூர் முதுநகர்)

பதில்: சிறு வயதில் சின்னம்மையை உண்டாக்கிய கிருமி நரம்புகளில் உறங்கிக் கிடந்து, முதுமையில் எதிர்ப்பு சக்தி தளரும்போது அக்கியாக வெளிப்படுகிறது. பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் பகுதியில் 2013 செப்டம்பரில் இந்தத் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கே உரிமை உண்டு என்று வரையறுத்தார்கள். அந்தத் தேதிக்குச் சில நாள் முன்பு பிறந்தவருக்கும் சில நாள் பின்பு பிறந்தவருக்கும் வேறு எந்த வேறுபாடும் இல்லை அல்லவா? அவர்களை ஏழு ஆண்டுகள் ஒப்பிட்டதில், தடுப்பூசி பெற்றவர்களிடம் மறதி நோய் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. பலன் பெண்களிடம் மிகுதியாகக் காணப்பட்டது. 2025 ஏப்ரலில் வெளியான இந்த ஆய்வு, வழக்கமான கணக்கெடுப்புகளைவிட நம்பத் தகுந்தது என்பது என் கருத்து. உறங்கும் கிருமி விழிக்காமல் இருப்பதால் மூளைக்கு ஓயாத அழற்சி மிச்சமாகிறதா, அல்லது தடுப்பூசி எதிர்ப்பு மண்டலத்தைப் பொதுவாகவே சீர்படுத்துகிறதா என்பதை அறிஞர்கள் இன்னும் ஆராய்ந்து வருகிறார்கள்.

வேல்ஸில் போட்டது வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமியால் ஆன பழைய ஊசி. 2023 முதல் இந்தியாவில் விற்பனையில் இருப்பது இரண்டு தவணையாகப் போடும் வேறு வகை, விலை அதிகம். 50 வயதைக் கடந்தவர்கள் அக்கியின் கொடிய வலியைத் தவிர்ப்பதற்காகவே அதைப் போட்டுக்கொள்ளலாம். மறதிக்காக என்று கடன் வாங்கிப் போட வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்கி கண்டவுடன் குயவர் வீட்டுக்குச் சென்று காவி எழுதிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். அது தரும் ஆறுதலை நான் மறுக்கவில்லை. ஆனால் கிருமியை அடக்கும் மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் கிடைக்கும் என்பதால், முதலில் மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயதில் அல்சைமர் வந்தது. எனக்கு வயது 46. எனக்கும் வருமா? மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா?
(வாசகி, அரியாங்குப்பம்)

பதில்: 74 வயதில் தொடங்கும் நோய், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குக் கட்டாயமாக வந்து சேரும் வகையைச் சேர்ந்ததன்று. வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. இந்த வாய்ப்பைக் கூட்டும் ஏபோஇ4 என்ற மரபணு வகை இருந்தாலும் நோய் வராமலே போனவர்கள் பலர். இல்லாமலே வந்தவர்களும் பலர். முடிவு எதுவானாலும் இன்று நீங்கள் செய்ய வேண்டியது மாறப்போவதில்லை என்பதால், பரிசோதனை தேவையில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். லான்செட் இதழின் நிபுணர் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணங்களைக் கவனித்தால் உலகில் ஏறத்தாழ 45 விழுக்காடு மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது. அவற்றுள் உங்கள் வயதில் முக்கியமானவை காது கேட்கும் திறன், கெட்ட கொழுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை, உடற்பயிற்சி. சர்க்கரை, உடற்பருமன், புகை, காற்று மாசு போன்றவை உடல் முழுவதும் மெல்லிய அழற்சியைப் பல ஆண்டுகள் நீடிக்கச் செய்பவை என்பதையும், இந்த நோயின் முதல் மாற்றங்கள் அறிகுறிக்கு 15, 20 ஆண்டுகள் முன்பே மூளையில் தொடங்கிவிடுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் வயது ஏன் முக்கியம் என்பது விளங்கும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். கொழுப்புக்கான இரத்தப் பரிசோதனையைப் பற்றியும் அங்கேயே கேளுங்கள். தொலைக்காட்சியின் ஒலியை வீட்டில் மற்றவர்களைவிட நீங்கள் கூட்டி வைக்கிறீர்கள் என்றால், காதையும் சோதித்துக்கொள்ளுங்கள்.